கைகளால் ஏற முடியாத மலை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

உடற்பயிற்சியைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுகின்றவர்கள் திருமூலரில் தொடங்குவதே வழக்கம். நூலகத்தில் பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கின்றேன். அந்த வழக்கத்தை மீறுவதற்காக மலர்க்குழுவினர் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் என் முழங்காலில் தொடங்க வேண்டியவனாக இருக்கின்றேன்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஒரு சனிக்கிழமை இரவு, என் தந்தையாருடன் வெள்ளியங்கிரி மலை ஏறினேன். கோவை நண்பர்களுக்கு அம்மலையைப் பற்றி எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மற்ற மாவட்டத்து நண்பர்களுக்காகச் சில சொற்கள்: பூண்டிக் கோயில் அடிவாரத்திலிருந்து அடுத்தடுத்து ஏழு மலைகள். ஒரு வழிப் பாதை ஏறத்தாழ 6 கிலோமீட்டர். பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற அனுமதிப்பார்கள். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவில் ஏறுவார்கள். அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கும். அதை வாங்காமல் ஏறுகின்றவன் ஒன்று சித்தனாக இருக்க வேண்டும், அல்லது என்னைப் போன்ற மூடனாக இருக்க வேண்டும்.

ஏன் வாங்கவில்லை? அப்போது நான் ஜிம்முக்குப் போகத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. (உடற்பயிற்சிக் கூடம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நம்மில் யார் வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம்?) மல்லாந்து படுத்து 60 கிலோ எடையை மார்புக்கு மேலே தூக்குவேன். அரைக்கைச் சட்டை புயத்தில் இறுகும்போது உண்டாகும் பெருமிதத்தை அனுபவித்தவர்கள்தாம் அறிவர். என் தந்தையாருக்கு வயது 53. நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். ஜிம்மின் வாசற்படியை மிதித்தவர் அல்லர்.

ஏறும்போது நான்தான் முன்னால் போனேன். ஒவ்வொரு மலை முடிவிலும் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தேன். 'மூச்சை மூக்காலேயே விடுங்கப்பா' என்று அவருக்கு உபதேசம் வேறு செய்தேன். அவரோ ஒரே சீராகத் தடியை ஊன்றி, பேசாமல் வந்துகொண்டிருந்தார். விடியற்காலையில் ஏழாவது மலையில் சாமி கும்பிட்டோம். ஆறாவது மலையில் ஆண்டி சுனையின் குளிர்ந்த நீரில் குளித்தோம். இதுவரை என் கதையில் குறையொன்றும் இல்லை.

குறை இறக்கத்தில் இருந்தது. மூன்றாவது மலைக்கு வரும்போதே தொடைகள் நடுங்கத் தொடங்கின. முதல் மலையின் கற்படிகளுக்கு வந்தபோது முழங்கால்கள் என் சொற்கேட்க மறுத்தன. காலை வைத்தால் மடிகிறது. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தை மாடிப்படி இறங்குவதைப் போல இறங்கினேன். தந்தையார் தம் தடியை என்னிடம் தந்தார். அதுவும் போதாமல் பின்பு தம் தோளையும் தந்தார். அடிவாரத்தில் தேநீர் குடிக்கும்போது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது:

"கையில நடக்கற மலையா இருந்திருந்தா நீதான்டா கண்ணு மொதல்ல வந்திருப்பே."

திங்கட்கிழமை நம் வரலாற்றுத் துறையின் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நான் பக்கவாட்டில் இறங்கியதைப் பார்த்த தோழர்கள் எனக்கு வைத்த பெயரை இங்கே அச்சிட வேண்டாம்.

வெட்கம் தணிந்த பிறகு காரணத்தைத் தேடினேன். ஏறும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இளைப்பது இதயமும் நுரையீரலும். நின்றால் மூச்சு திரும்பிவிடும். இறங்கும்போது நடப்பது வேறு. அதே தசை, நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கி, ஒவ்வொரு படியிலும் பிரேக் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசையில் இவ்வேலை நுண்ணிய காயங்களை உண்டாக்குகிறது. வலி உடனே தெரிவதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வருகிறது. மூச்சு வாங்காமல் இறங்குவதால் இறக்கம் எளிது என்று நினைக்கிறோம். கால்களைக் கேட்டால் உண்மை தெரியும். ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தப் பிரேக் வேலையைச் சிறிது சிறிதாகப் பழக்கினால் தசை அதைக் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அவ்வளவு காயப்படுவதில்லை. ஆண்டுதோறும் மலையேறி, நாள்தோறும் ஆலையில் நின்று நடக்கும் என் தந்தையாரின் கால்கள் அதைக் கற்றிருந்தன. என் கால்கள் கற்கவில்லை.

ஏன் கற்கவில்லை? நான் போன ஜிம்மின் கண்ணாடி இடுப்புவரைதான் காட்டும். கால் பயிற்சியைப் பற்றி மாஸ்டரிடம் கேட்டபோது, 'அது பேண்ட்டுக்குள்ளதானே இருக்கு' என்றார். அவரை மட்டும் குறை சொல்வானேன்? நாங்கள் கேட்டதை அவர் தந்தார். நாங்கள் கேட்டது தோற்றம்; வலிமை அன்று. நம் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கிறதே, அதைத் தூக்குகின்றவனைக் கூர்ந்து பாருங்கள். குந்தி அமர்ந்து, கல்லைத் தொடைமேல் ஏற்றி, மார்போடு அணைத்து, காலால் எழுந்து, அதன் பிறகே தோளுக்குக் கொண்டுபோவான். புயம் பருத்தவனுக்கெல்லாம் அது மசியாது. தண்டாலும் பஸ்கியும் நம் தேகப்பயிற்சிச் சாலைகளில் இணைபிரியாமல் இருந்தவை. தண்டாலை வைத்துக்கொண்டு பஸ்கியைக் கைவிட்டது நம் தலைமுறை. பிள்ளையார் முன் பாட்டி போட்ட தோப்புக்கரணத்தைப் பார்த்துச் சிரித்தவன் நான். மலை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டது.

நம் உடற்கல்வி இயக்குநர் ஐயா அவர்களிடம் போய் நின்றேன். கதையை முழுதும் கேட்டுவிட்டு, "ஏறுறதுக்குப் பழகினியா, இறங்குறதுக்குப் பழகினியா?" என்று ஒரே கேள்வி கேட்டார். பிறகு ஒரு தாளில் எழுதித் தந்தார். வாரத்தில் மூன்று நாள். தோளில் எடைக்கம்பியை வைத்துப் பஸ்கி. இறங்கும்போது நான்கு எண்ண வேண்டும், எழும்போது ஒன்று. ஒன்றரை அடி உயரப் பலகையில் ஒற்றைக் காலால் ஏறி, மெதுவாக இறங்குதல். தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்தல். இது முதுகுப் பையைச் சுமக்கும் இடுப்புக்கு. முன்னங்காலால் எக்கி நிற்றல், இது கணுக்காலுக்கு. எண்ணிக்கையை வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். நடுவில் ஓய்வு நாளில் ஓய்வெடுக்க வேண்டும். ஞாயிறுதோறும் மருதமலைப் படிகள், முதுகில் பையோடு. பையில் வைக்க எடை வேண்டுமே! ரேஷன் அரிசியை வைத்துக்கொண்டேன். 5 கிலோவில் தொடங்கி 12 கிலோ வரை போனேன். ஒரு ஞாயிறு பை கிழிந்து படியெல்லாம் அரிசி. குரங்குகளுக்கு விருந்து, வீட்டில் எனக்கு அர்ச்சனை.

இதைக் கேட்ட என் வகுப்புத் தோழன் ஒருவன் பலமாக மறுத்தான். அவன் கோத்தகிரிக்காரன், விடுதியில் தங்கிப் படிக்கின்றவன். அவன் தாயார் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிப்பவர். "ஏண்டா, எங்கம்மா தெனமும் முதுகுல இலை மூட்டையோட ஏறாத மேடா? அவங்க எந்த ஜிம்முக்குப் போனாங்க?" என்று கேட்டான்.

அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நேபாளத்து மலைப்பாதைகளில் சுமை தூக்குகின்றவர்களை அளந்து 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காட்டுச் சுமையைச் சுமந்ததாகக் கூறுகிறது. 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹில்லாரியோடு எவரெஸ்ட் உச்சியில் நின்ற டென்சிங் நார்கே எந்த ஜிம்மிலும் வளர்ந்தவர் அல்லர். மலையில் பிறந்தவனுக்கு வாசலே பயிற்சிக்கூடம். சமவெளியில் பிறந்து, பேருந்தில் வந்து, பெஞ்சில் அமர்ந்து, பேருந்தில் திரும்புகின்ற நமக்குத்தான் அந்த மேட்டையும் சுமையையும் ஓர் அறைக்குள் செயற்கையாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜிம் என்பது நமக்கு மலையின் கடன்.

ஆனால் அவனுக்கு இன்னொரு பதிலும் என்னிடம் இருந்தது. அவன் தாயாருக்கு வயது 46. மாலையில் முழங்காலில் துணி கட்டிக்கொண்டுதான் உட்காருகிறார் என்று முன்பொரு நாள் அவனே சொல்லியிருக்கிறான். தோட்டத்தில் சுமையின் அளவை முடிவு செய்வது தராசு; ஓய்வை முடிவு செய்வது சங்கொலி. கால் வலிக்கிறது என்று எடையைக் குறைத்தால் கூலி குறையும். பயிற்சியில் அப்படியன்று. எவ்வளவு தூக்குவது, எப்போது நிறுத்துவது என்பதை நாமே முடிவு செய்கிறோம். தூக்கியதற்குப் பிறகு உடல் தன்னைச் சரிசெய்துகொள்ள நாள் தருகிறோம். உழைப்பும் பயிற்சியும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கலாம்; ஒன்று உடலைச் செலவிடுகிறது, மற்றொன்று சேர்த்துவைக்கிறது. இதைச் சொன்னதும் அவன் பேசாமல் இருந்துவிட்டான். விவாதத்தில் வென்றுவிட்டேன், ஆனால் ஏன் வென்றேன் என்று அன்றிரவு முழுதும் வருந்தினேன்.

ஜிம்முக்கும் மலைக்கும் உறவு காட்ட எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒரு கணிதப் பேராசிரியர்! அமெரிக்கராகிய ஜான் கில், 1950களில் மாணவராக இருந்தபோது ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினார், கயிறு ஏறினார். அந்தப் பயிற்சியையும், ஜிம்னாஸ்டிக் வீரர்கள் கையில் பூசும் வெள்ளைப் பொடியையும் பாறைக்குக் கொண்டுபோனார். கயிறில்லாமல் சிறு பாறைகளில் ஏறும் 'போல்டரிங்' கலைக்கு அவரே தந்தை போன்றவர். இன்று உலகமெங்கும் பாறை ஏறுகின்றவர் இடுப்பில் தொங்குகிறதே ஒரு பொடிப்பை, அதன் வரலாறு ஒரு கல்லூரிப் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சேருகிறது. கணிதத் துறை நண்பர்கள் காலரை உயர்த்திக்கொள்ளலாம்.

இவ்வளவு சொல்வதனால் ஜிம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். அந்த உயரங்களுக்கு அவசரப்பட்டு ஏறினால், பாறையைப் போன்ற உடல் படைத்தவனையும் மலைநோய் படுக்கவைக்கும். அங்கே தேவை பொறுமை, தசை அன்று. நம் வெள்ளியங்கிரி அவ்வளவு உயரமில்லை. ஆயினும் 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கே ஏறிய பக்தர்கள் சிலர் உயிரிழந்த செய்திகளை நாளேடுகளில் படித்தோம். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களுக்கு மருத்துவரின் சொல்தான் முதற்பயிற்சி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களை எந்தத் தொடை வலிமை காத்திருக்க முடியும்? காட்டின் விதி வேறு.

மலைக்குப் போகும் ஆசை நம்மவரிடையே வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களை அறிவித்தபோது நம் வகுப்பில் முதலில் பேசியவர்கள் மாணவியர்தாம். 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் ஏறிய முத்தமிழ்ச்செல்வி, அச்சிகரத்தைத் தொட்ட முதல் தமிழ்நாட்டுப் பெண். அவர் பெயரைப் பேச்சுப் போட்டிகளில் முழங்குகிறோம். ஆனால் மைதானத்தின் ஓரத்தில் உள்ள நம் கல்லூரிப் பயிற்சி அறையில் மாணவியருக்கு என்று ஒரு மணி நேரம்கூட இல்லை. மாலை 4 மணிக்குத் திறக்கிறது. 5 மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய ஊர்ப்புற மாணவர்களுக்கும் அது பயன்படுவதில்லை. ஒரே சாவி, அதுவும் சில நாள்களில் காணாமல் போகிறது. வெளியே மாதக் கட்டணம் கட்ட எல்லோராலும் இயலுமா?

முதல்வர் ஐயா அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் பணிவான வேண்டுகோள். புதிய இயந்திரம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. காலை 8 மணிக்கு அறையைத் திறந்துவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள் காலையை மாணவியருக்கு ஒதுக்குங்கள். உறுதியான மரப்பலகைகள் நான்கு செய்து போடுங்கள். இரண்டாவதாக ஒரு சாவி செய்யுங்கள். மற்றதை நூலகக் கட்டடத்தின் மூன்று மாடிப் படிகளும் பார்த்துக்கொள்ளும்.

2025 பிப்ரவரியில் மீண்டும் வெள்ளியங்கிரி போனோம். இம்முறை நானும் தடி வாங்கினேன். ஏறும்போது தந்தையாரோடு சேர்ந்தே நடந்தேன். அதனால் வேகம் குறைந்தது, பேச்சு கூடியது. இறங்கும்போது இரண்டு பேர் பைகளும் என் முதுகில். முதல் மலையின் படிகளில் தொடை சூடேறியது உண்மை, நடுங்கவில்லை. தந்தையார்தாம் இரண்டு இடங்களில் நின்று முழங்காலைத் தடவிக்கொண்டார். நான் பார்த்ததைக் கண்டு, "செருப்பு சரியில்ல" என்றார்.

ஒரு வாரம் கழித்து, அம்மா இல்லாத நேரம் பார்த்து, "அந்தப் பஸ்கி எப்படிப் போடறது, காட்டு" என்று கேட்டார். இப்போது திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு 15 போடுகின்றார். நான்கு எண்ணி இறங்குங்கள் என்றால் மூன்றிலேயே எழுந்துவிடுகின்றார்.