ஞாயிற்றுக்கிழமைச் சமையல்

நான்கு வயதுப் பேரனும் ஒன்றரை வயதுப் பேத்தியும் உள்ள வீடு. மருமகள் அலுவலகம் செல்பவர். ஞாயிறு காலையில் அவர் துவரம் பருப்பை மொத்தமாக வேக வைக்கிறார், ஊறிய கொண்டைக்கடலையை அவிக்கிறார், தேங்காயைத் துருவுகிறார். எல்லாவற்றையும் சிறு சிறு டப்பாக்களில் இட்டு ஃப்ரீசரில் அடுக்குகிறார். பூஜையை முடித்து வரும் மாமியாரின் முகம் வாடுகிறது. "பழையதையா குழந்தைகளுக்குக் கொடுப்பது?" என்ற கேள்வி எழுகிறது. அன்றைய பொழுது இருவருக்கும் கசந்துவிடுகிறது.

மாமியாரின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சமைத்து ஒரு யாமம் கடந்ததும், சுவை இழந்ததும், துர்நாற்றம் வீசுவதுமான உணவைத் தாமச உணவு என்று பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் கூறுகிறது. ஆயினும், நெய் சேர்ந்த பண்டங்களுக்குத் தர்ம சாஸ்திரங்கள் விலக்கு அளித்திருக்கின்றன. பழனி பஞ்சாமிர்தமும் திருப்பதி லட்டும் பல நாள் கழித்தும் பக்தியோடு உண்ணப்படுகின்றன. வற்றலும் வடகமும் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டவைதாம். கெடாமல் காப்பது நம் பாட்டிமார் அறிந்த கலையே. அன்று வெயிலும் உப்பும் எண்ணெயும் செய்த வேலையை இன்று குளிர் செய்கிறது.

ஆனால், அந்தக் கலைக்கு இருந்த கட்டுப்பாடு இதற்கும் வேண்டும். ஃப்ரீசரில் குளிர் மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். அந்தக் குளிரில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆனால் அழிவதும் இல்லை. ஆகவே, சமைத்த பண்டத்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைத்திருக்கலாகாது. அகன்ற தட்டில் பரப்பினால் விரைவில் ஆறும். ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, டப்பாவின் மேல் தேதி எழுதி வைப்பது நலம். முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மறுநாள் உறைநிலை நீங்கியிருக்கும். நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே குழந்தைக்குப் பிசைய வேண்டும். மிஞ்சியதை மறுபடியும் ஃப்ரீசரில் வைக்கலாகாது. நிரம்பிய ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால், மின்சாரம் நின்றாலும் ஏறத்தாழ 48 மணி நேரம் குளிர் தங்கும். பாதி நிரம்பியிருந்தால் 24 மணி நேரம்.

சோற்றை மட்டும் அன்றன்று வடிப்பதே நன்று. வெந்த சோற்றிலும் ஒருவகைக் கிருமியின் வித்து உயிரோடு இருக்கும். சோறு வெளியே கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு நீங்காது. நைவேத்தியத்துக்குப் புதிதாக வடித்த அன்னமே வேண்டும் என்று பெரியோர் வகுத்த முறை, குழந்தையின் வயிற்றுக்கும் நன்மையாகவே அமைந்திருக்கிறது.

இதில் இருவருக்கும் வழி இருக்கிறது. காலையில் குளித்து, ஒரு சிறு பாத்திரத்தில் சாதம் வடித்து, நெய் விட்டுப் பெருமானுக்குப் படைப்பது மாமியாரின் பங்காகட்டும். அந்தப் பிரசாதத்தோடு மருமகள் சேர்த்து வைத்த பருப்பும் சூடாகக் கலந்தால், பத்து நிமிடத்தில் குழந்தைகளின் தட்டு நிறையும். ஞாயிறன்று அடுப்பின் அருகே குழந்தைகள் வராதபடி அவர்களைக் கூடத்தில் அமர்த்திக் கண்ணன் கதை சொல்வதும் பாட்டி செய்யக்கூடிய பெரிய உதவி.

வாரம் முழுவதும் மாலையில் களைத்து வரும் தாய், அடுப்படியில் நிற்க வேண்டிய ஒரு மணி நேரத்தைக் குழந்தைகளோடு விளக்கின் முன் அமர்ந்து கழிப்பாள் என்றால், அந்த டப்பாக்களைப் பழையது என்று ஒதுக்குவது முறையாகாது. முகம் சுளித்துப் பரிமாறிய சூடான உணவைக் காட்டிலும், மனம் கனிந்து சூடாக்கிக் கொடுத்த உணவு குழந்தைக்கு நன்றாக ஒட்டும்.