எண்ணெய் மாத்திரையும் வயிற்று உப்புசமும்

இந்த வாரம் என்னைக் கொதிக்க வைத்தது ஒரு துண்டுத்தாள். திருத்தணி மலையடிவாரத்தில், பூமாலைக் கடைகளின் ஓரமாகக் கையில் திணித்தார்கள். சினைப்பைப் புற்றுநோயை விரட்டும் மூலிகை எண்ணெய் மாத்திரையாம், அமெரிக்க ஆராய்ச்சியில் நிரூபணமானதாம். மருந்து விளம்பரங்களோடு எனக்குள்ள தகராறு இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் பழகியதுதான். இம்முறை கோபம் இரட்டிப்பு. ஆராய்ச்சி என்னவோ நிஜம்.

2005-ல் ஹேவியர் மெனெண்டஸ், ரூத் லுப்பு குழுவினர் வெளியிட்டது அது. அந்த மாத்திரையில் அடைத்திருக்கும் ஈவ்னிங் பிரிம்ரோஸ் விதை எண்ணெயில் காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் உண்டு. ஹெர்-2 மரபணு சில புற்றுநோய்களில் வரம்பு மீறி வேலை செய்து செல்களைப் பெருகச் சொல்லி விரட்டும். மார்பகப் புற்றுச் செல்களோடு, எஸ்கே-ஓவி-3 என்னும் சினைப்பைப் புற்றுச் செல்களிலும் இந்த அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஹெர்-2 அடங்கியது. அதை அடக்கும் பிஇஏ-3 என்ற புரதம் கூடியிருந்தது. அருமையான வேலை. ஆனால் நடந்தது ஆய்வகத் தட்டில். 1990-களில் ஐதராபாத்தில் மருத்துவர் யு.என்.தாஸ் இதே அமிலத்தை மூளைக்கட்டி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும், மாத்திரையாக விழுங்கச் சொல்லவில்லை. கட்டி இருந்த இடத்திலேயே செலுத்தினார்.

இதைத்தான் விரிவாக எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் பக்கத்தில் நின்ற அக்கா அந்தத் தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

"யாருக்குக்கா?"

"எனக்குத்தாம்மா. வயிறு உப்பிக்கிட்டே இருக்கு. ஒரு இட்லி தின்னாலே நெறஞ்சுபோவுது. வீட்ல எல்லாம் கேஸ்ங்கிறாங்க."

கேஸ்! நம் வீடுகளில் ஐம்பது வயதுப் பெண்ணின் வயிற்றுக்கு இந்த ஒரே பெயர்தான். ஓமத்தண்ணீர் குடிப்பாள், சோடா குடிப்பாள், பாவாடை நாடாவை இன்னும் கொஞ்சம் தளர்த்திக் கட்டிக்கொண்டு மாவு அரைக்கப் போவாள். அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் என்றால் வயசாகுது என்பார்கள். மகனுக்கு மூன்று நாள் வயிற்றுவலி என்றால் ஆட்டோ பிடிக்கிற வீடு, அம்மாவின் மூன்று மாத உப்புசத்தைக் கண்டுகொள்வதில்லை. பெரும்பாலும் கேஸாகவே இருக்கலாம். ஆனால் சினைப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் வரும். பெரும்பாலோருக்கு வயிற்றுக்குள் பரவிய பிறகே தெரியவருகிறது. கர்ப்பப்பை வாய்க்கு இருப்பது போல முன்கூட்டியே பிடிக்கிற பரிசோதனை இதற்கு இல்லை. அதனால்தான் இரண்டு மூன்று வாரம் விடாமல் நீடிக்கும் உப்புசத்தை அலட்சியப்படுத்தக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பக் கத்துகிறேன்.

காட்டுவதற்கு இடம் இல்லாமல் இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார். திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலே ஓடுகிறது. அவ்வளவு தூரம்கூட முதலில் வேண்டாம். பெரியாஸ்பத்திரியில் பெண் டாக்டரிடம் வயிற்று ஸ்கேனும், சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று கேட்டாலே போதும்.

"ஆடிக் கிருத்திகை முடியட்டும்மா, காவடி நேர்ந்திருக்கேன்" என்றார் அக்கா. காவடியை மகன் எடுக்கட்டும், நீங்கள் திங்கட்கிழமையே போங்கள் என்று சொல்லி, டாக்டரிடம் கேட்க வேண்டியதை அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.