அரசை வேலிக்கு வெளியே விட்ட ஆய்வாளர்

வால்டர் லாக்கூரை நம் தோழர்களில் பலர் படிக்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள். 'ஏகாதிபத்தியத்தின் ஆள்' என்று ஒரு முத்திரை போதும், வேலை முடிந்தது. ஆனால் பயங்கரவாதம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிற யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. 1977இல் வந்த அவருடைய 'டெரரிசம்', அந்தத் துறைக்கே அடித்தளம் போட்ட நூல்களில் ஒன்று. அந்த அடித்தளத்தில் ஒரு கல் கோணலாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் நம் வழக்கு. அதைச் சொல்ல, அவரை முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

முதலில் ஆள் யார்? 1921இல் பிரெஸ்லாவ் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அன்று அது ஜெர்மனி, இன்று போலந்து. 1938 நவம்பரில், யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் நாடு முழுக்கக் கொளுத்தப்பட்ட இரவுக்குச் சில நாட்கள் முன்பு, பதினேழு வயதில் பாலஸ்தீனத்துக்குத் தப்பினார். பெற்றோரால் வர முடியவில்லை. நாஜிகள் அவர்களைக் கொன்றார்கள். எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. கூட்டுப்பண்ணையில் உழைத்தார், பிறகு பத்திரிகையாளரானார். ஒழுங்கான பட்டம் இல்லாமலே வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்கார்ந்தவர். (எம்.ஏ. சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.) 2018இல் 97 வயதில் இறந்தார்.

இடையில் லண்டன். அங்கே 'சோவியத் சர்வே' என்ற இதழைத் தொடங்கி நடத்தினார். அதை வெளியிட்டது 'கல்ச்சுரல் ஃபிரீடம் காங்கிரஸ்' என்ற அமைப்பு. அந்த அமைப்புக்குப் பணம் சி.ஐ.ஏ.விடமிருந்து வந்தது என்பது 1960களின் பின்பாதியில் அம்பலமானது. நம்மவர்கள் குத்தும் முத்திரைக்கு இது ஒன்றே போதும். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம்தான். அதோடு நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம். ஒருவருடைய வாதம் தவறென்றால், அவர் யாரிடம் சம்பளம் வாங்கினாலும் அது தவறாகத்தான் இருக்கும். அந்தத் தவறைக் காட்ட வேண்டியது நம் வேலை.

வாதத்துக்கு வருவோம். பயங்கரவாதத்துக்கு எல்லோரும் ஏற்கும் வரையறை கிடையாது, சீக்கிரத்தில் கிடைக்கப்போவதுமில்லை என்று லாக்கூர் வெளிப்படையாக எழுதினார். வரையறை இல்லாமலே ஆய்வு செய்யலாம் என்றார். அரசுகள் கொன்றவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் குண்டு வைத்தவர்கள் கொன்றது சிறு துளி என்பதையும் அவர் மறைக்கவில்லை. இதுவரை நேர்மை. அடுத்த அடியில்தான் சறுக்கல். அரசின் வன்முறை வேறு வகை, அதன் காரணமும் இயக்கமும் வேறு, இரண்டையும் ஒரே பெயரில் கலந்தால் எதுவும் புரியாது என்று சொல்லி, அரசை வேலிக்கு வெளியே விட்டுவிட்டு ஆய்வைத் தொடங்கினார். ஆக, பயங்கரவாதம் என்றால் கீழிருந்து வருவது மட்டும்.

ஆய்வு வசதிக்காகப் போட்ட வேலி என்று இதை விட்டுவிட முடியாது. அந்தச் சொல் பிறந்த இடமே அரசு. 1793இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு கில்லட்டினை வைத்து நடத்திய ஆட்சிக்குத்தான் 'பயங்கரம்' என்று பெயர் வந்தது. வரலாற்றாசிரியரான லாக்கூருக்கு இது நன்றாகவே தெரியும். அப்பன் பெயரில் எழுதியிருந்த பட்டாவை யாருக்கும் சொல்லாமல் வேறு ஆள் பெயருக்கு மாற்றிய கதைதான் இது.

வேலி போட்டபின் வரும் முடிவுகளைப் பாருங்கள். ஸ்டாலின் ஆட்சியிலும் ஹிட்லர் ஆட்சியிலும் பயங்கரவாதம் இல்லை, அது தலைதூக்குவது ஜனநாயக நாடுகளிலும் திறனற்ற சர்வாதிகாரங்களிலும்தான் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. அரசை வெளியே விட்டுவிட்டு எண்ணினால் கணக்கு அப்படித்தான் வரும். வீட்டுக்காரனைத் திருடன் பட்டியலில் சேர்க்க மாட்டேன் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, இந்த வீட்டில் திருட்டே இல்லை என்று சான்றிதழ் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, உரிமைகள் அதிகமானால் பயங்கரவாதம் அதிகமாகும் என்று ஒரு காவல்துறை அதிகாரி சொன்னால், எந்த வாயால் மறுப்பது?

மேலே அரசு, கீழே குண்டு என்ற இந்தப் பிரிப்பில் சிக்காத வன்முறையும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1877இலிருந்து 1950 வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரை வெள்ளைக் கும்பல்கள் அடித்தும் எரித்தும் தூக்கிலிட்டும் கொன்றன. கும்பல் அரசு இல்லை. ஆனால் உள்ளூர்க் காவல் அதிகாரி வேடிக்கை பார்த்தார், சில இடங்களில் கூடவே நின்றார். 1955இல் பதினான்கு வயது எம்மெட் டில்லைக் கொன்றவர்களை முழுக்க வெள்ளையர்கள் அமர்ந்த ஜூரி விடுவித்தது. அடுத்த ஆண்டே அவர்கள் ஒரு பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு, ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். இது மேலா, கீழா? வெண்மணியை அறிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

லாக்கூரின் பயங்கரவாத வரலாற்றில் இந்தியாவும் வருகிறது. யாராக வருகிறது? பகத்சிங்கின் இயக்கமாக. 1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி சட்டசபையில் யாரையும் கொல்லாத நோக்கில் எறிந்த குண்டு வேலிக்கு உள்ளே. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் சுட்ட 1,650 ரவைகள், அரசுக் கணக்கிலேயே 379 பிணங்கள், இவை வேலிக்கு வெளியே. ஜெனரல் டயர் மீது கொலை வழக்குக்கூட இல்லை. இங்கிலாந்தில் அவருக்கு 26,000 பவுண்டு நிதி திரட்டிக் கொடுத்தார்கள். மக்கள் மனதில் அச்சத்தை விதைப்பதற்காகவே சுட்டேன் என்ற பொருளில் விசாரணையில் பேசியவர் அவர். பயங்கரவாதத்துக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் எந்தக் குண்டுவைப்பாளரிடமும் கிடைக்காது.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். வறுமைதான் பயங்கரவாதத்தின் வேர் என்ற வாதத்தை லாக்கூர் விடாமல் எதிர்த்தார். உலகின் மிக ஏழை நாடுகளில் பயங்கரவாதம் அநேகமாக இல்லை என்று 2003இல் வந்த 'நோ எண்ட் டு வார்' நூலில் காட்டினார். நம் மேடைகளில் கைதட்டல் வாங்கும் 'பசிதான் குண்டாக வெடிக்கிறது' என்ற வசனத்தை இது உடைக்கிறது. உடையட்டும். 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரைக் கொன்ற சதியை முன்னின்று நடத்திய சோஃபியா பெரோவ்ஸ்கயா பட்டினியில் வளர்ந்தவர் இல்லை, தலைநகரின் ஆளுநராக இருந்தவரின் மகள். உலகத்திலேயே அதிகம் பசித்தவர்கள் பெரும்பாலும் மனு எழுதுகிறார்கள், வேலைநிறுத்தம் செய்கிறார்கள், வழக்குப் போடுகிறார்கள், ஊரைவிட்டுப் போகிறார்கள். பசித்தவனைப் பார்த்து 'இவன் நாளைக்குக் குண்டு வைப்பான்' என்று பரிவோடு சொல்வதும் அவன்மேல் பழி போடுவதுதான். அந்தப் பரிவு நமக்கு வேண்டாம். இந்த இடத்தில் லாக்கூர் நம் பக்கம் நிற்கிறார், அவருக்குத் தெரியாமலே.

அவர் எழுதியவற்றில் நமக்குப் பெரிதாகப் படுவது பயங்கரவாத நூல்கள் இல்லை. 1980இல் வந்த 'தி டெரிபிள் சீக்ரெட்'. யூதர்களை மொத்தமாகக் கொல்லும் திட்டம் பற்றிய செய்தி போர் நடக்கும்போதே வெளியே வந்துவிட்டது என்பதை ஆவணம் ஆவணமாகக் கோத்துக் காட்டும் நூல். 1942 ஆகஸ்டில் ஜெனீவாவிலிருந்து கெர்ஹார்ட் ரீக்னர் அனுப்பிய தந்தி வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரிகள் அதை நம்பத்தகாத வதந்தி என்று சொல்லி, சேர வேண்டிய யூதத் தலைவரிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். தெரியும், ஆனால் நம்பவில்லை. நம்பினாலும் பேசவில்லை. அரசு செய்யும் கொலையைக் கொலை என்று சொல்ல ஒரு சொல் கிடைக்காமல் உலகம் எப்படித் தடுமாறியது என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன நூல் குறைவு.

அதை எழுதிய கைதான் அரசை வேலிக்கு வெளியே விட்டது. பெற்றோரை ஓர் அரசிடம் பறிகொடுத்தவர், அந்தக் கொலையைச் சொல்ல வேறு சொற்கள் போதும் என்று நினைத்தார். இனப்படுகொலை, சர்வாதிகாரம் என்று கனமான சொற்கள் இருக்கின்றனவே என்பது அவர் தரப்பு. இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் முடிந்தபின், பிணங்களை எண்ணியபின் வரும் சொற்கள். 'பயங்கரவாதி' என்பது அன்றாடம் புழங்கும் சொல், ஆளைச் சிறையில் தள்ளும் சொல். இந்தியாவில் 2019இல் ஊபா சட்டத்தைத் திருத்தியபின், எந்த நீதிமன்றமும் தண்டிக்காத ஒரு தனி மனிதரையும் பயங்கரவாதி என்று ஒன்றிய அரசு அறிவித்துவிடலாம். அந்தச் சட்டத்துக்கு லாக்கூர் பொறுப்பில்லை. ஆனால் இந்தச் சொல் அரசை நோக்கி ஒருபோதும் திரும்பாது என்ற உறுதியை அறிவுலகத்தின் பெயரால் தந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

வரும் மாத வாசிப்பு வட்டத்துக்கு 'தி டெரிபிள் சீக்ரெட்'டை எடுத்திருக்கிறோம். அதை முடித்த கையோடு 'டெரரிசம்' நூலைத் திறங்கள். அரசு எந்தப் பக்கத்தில் வெளியேறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள், அந்தப் பக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.