மாநாட்டை முடக்கினால் மருந்து எங்கிருந்து வரும்?

அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் கென்னடி ஜூனியர், 2025 ஆகஸ்டில் 22 எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசித் திட்டங்களை ஒரே அறிவிப்பில் கைவிட்டார். மதிப்பு ஏறத்தாழ 50 கோடி டாலர். அதற்கு முன்பே, ஜனவரியில் புதிய அரசு பதவியேற்ற கையோடு, அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவன விஞ்ஞானிகளின் பயணங்களும் கூட்டங்களும் நிறுத்திவைக்கப்பட்டன. திட்டங்கள் கைவிடப்பட்டதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். பயணத் தடையை ஏதோ அலுவலகச் சிக்கனம்போலக் கடந்துவிட்டோம். இரண்டில் அதுதான் பெரிய கேடு.

ஆர்.என்.ஏ. திருத்தம், ஆர்.என்.ஏ. மாற்றம் பற்றிய மாநாடுகளில் யார் யார் கூடுகிறார்கள் என்று பாருங்கள். ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியை ஆராய்பவர், கணவாய் மீனின் நரம்பைப் பிரித்துப் பார்ப்பவர், ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒட்டியிருக்கும் மீத்தைல் துணுக்குகளை எண்ணும் வேதியியலர். வெளியிலிருந்து பார்த்தால் வேலையற்ற கூட்டம். ஆனால் இந்தத் துறையே அந்த ஒட்டுண்ணியிடமிருந்துதான் பிறந்தது. மரபணுவில் இல்லாத நான்கு எழுத்துகள் அதன் ஆர்.என்.ஏ.வில் செருகப்பட்டிருப்பதை 1986-இல் நெதர்லாந்தின் ராப் பென்னே குழு கண்டது. கணவாய் தன் நரம்பு மண்டல ஆர்.என்.ஏ.க்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் தானே திருத்தி எழுதிக்கொள்கிறது. அதை ஆராய்ந்த ஜோஷுவா ரோசன்தாலின் குழுதான், குறிப்பிட்ட ஒரு பிழையை மட்டும் ஆர்.என்.ஏ.வில் திருத்த முடியும் என்று 2013-இல் செய்து காட்டியது. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் உடலிலேயே அத்தகைய திருத்தம் நடந்துவிட்டதாக 2024 அக்டோபரில் ஒரு நிறுவனம் அறிவித்தது.

ஓர் எண்ணை மட்டும் வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்: 54. சூடோயூரிடின் என்ற மாறுபட்ட ஆர்.என்.ஏ. எழுத்து 1951-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. ஆய்வகத்தில் செய்த ஆர்.என்.ஏ.வை உடல் எதிரியாகக் கருதித் தாக்குகிறது, அதில் சூடோயூரிடினைச் சேர்த்தால் அந்தத் தாக்குதல் தணிகிறது என்று கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் காட்டியது 2005-இல். இடையில் 54 ஆண்டுகள். எந்த மருந்து நிறுவனத்தின் முதலீட்டாளர் 54 ஆண்டுகள் பொறுப்பார்? அத்தனை காலமும் அந்த எழுத்தைக் கைவிடாமல் காத்தவர்கள், லாபம் பாராமல் கூடிக் கூடிப் பேசிய ஆய்வாளர்கள்தாம். அந்தக் கரிக்கோவையே 1995-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று பதவியிறக்கம் செய்தது. சூடோயூரிடினின் நெருங்கிய உறவான மூலக்கூறுதான் பிறகு கோடிக்கணக்கானோரின் கையில் கோவிட் தடுப்பூசியாக ஏறியது. 2023-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இரண்டே ஆண்டுகளில் கென்னடியின் வெட்டு.

இந்தத் தடுப்பூசிகளால் பயனில்லை என்கிறார் கென்னடி. 2021-இன் மருத்துவமனைகளை மறந்தவருக்கு விடை சொல்லிப் பயனில்லை. நேரில் கூடுவதற்குப் பதில் ஜூமில் பேசிக்கொள்ளலாமே என்பவர்கள் மாநாடு எப்படி நடக்கிறது என்பதே அறியாதவர்கள். கார்டன் ஆய்வு மாநாடுகள் என்ற அறிவியல் கூட்டங்களில் படமெடுக்கக்கூடாது, பதிவுசெய்யக்கூடாது, கேட்டதை வெளியில் மேற்கோள் காட்டக்கூடாது. அந்த நம்பிக்கையில்தான் இன்னும் அச்சேறாத முடிவுகளை, தோற்றுப்போன சோதனைகளை ஒருவர் மற்றவர் முன் வைக்கிறார். எவர் வேண்டுமானாலும் திரையைப் படம்பிடிக்கக்கூடிய இணையக் கூட்டத்தில் எந்த இளம் ஆய்வாளர் வாய் திறப்பார்?

இன்னொரு அநியாயமும் உண்டு. 2025 ஜூனில் அமெரிக்கா 12 நாட்டவர்க்கு நுழைவை மறுத்தது. பட்டியலில் சாட், காங்கோ குடியரசு இரண்டும் உள்ளன. தூக்க நோயால் தலைமுறைகளாக அல்லலுற்ற நாடுகள் இவை. அந்த நோயின் கிருமியிலிருந்து அறிவை எடுத்துக்கொண்ட துறையின் மாநாட்டுக்கு, அந்த மண்ணின் ஆய்வாளர் வர முடியாது. இது அறிவியலுக்குச் செய்யும் துரோகம்.

ஆகவே ஆர்.என்.ஏ. மாநாடுகளை இனி அமெரிக்காவில் நடத்தக்கூடாது. இந்தியாவில் நடத்தலாம்; ஹைதராபாத்திலும் பெங்களூருவிலும் இத்துறை ஆய்வகங்கள் இருக்கின்றன. புணேயில் உருவான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு 2022-லேயே அவசரகால அனுமதி கிடைத்தது. ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்குத் தாமதமின்றி விசா, இளையவர்களுக்குப் பயண நல்கை என்ற இரண்டை மட்டும் மத்திய அரசு அறிவிக்கட்டும். அடுத்த மருந்தின் முதல் பேச்சு இங்கே நடக்கும்.