திருச்சியில் பிறந்த புகழ், சீமையில் கிடைத்த பட்டம்!

திருச்சி புத்தூரில் இருந்து மலைக்கோட்டை கூப்பிடு தூரந்தான். அங்கே தெப்பக்குளத்தின் அருகே ஒரு பழைய கட்டிடம் கிளைவ் பெயரால் வழங்குகிறது.

அந்தப் பெயரைப் பற்றி இங்கிலாந்தில் பெரிய தகராறு! சுரூஸ்பரி நகரில் உள்ள கிளைவ் சிலையை அகற்ற வேண்டும் என்று 2020-ம் ஆண்டில் ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கவுன்சில் மறுத்துவிட்டது.

யார் இந்தக் கிளைவ்? அவருக்குப் பிரபு பட்டம் எப்படி வந்தது?

குமாஸ்தா பிரபு ஆனார்

ராபர்ட் கிளைவ் 1744-ல் சென்னைக்கு வந்தபோது வெறும் கும்பெனி குமாஸ்தா. 1751-ல் நவாப் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கினார். வெளியே சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். அதை மீட்கச் சந்தா சாகிப் படையில் ஒரு பகுதி ஓடியது. திருச்சியின் நெருக்கடி குறைந்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரண் அடைந்தது. கிளைவின் புகழ் இப்படித்தான் பிறந்தது.

1757-ல் வங்காளத்தில் பிளாசிப் போர். 1762-ல் "பிளாசியின் கிளைவ் பிரபு" என்ற பட்டம். ஆனால் அது அயர்லாந்துப் பட்டம். அதை வைத்துக்கொண்டு லண்டன் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது!

மகனுக்குப் பெரிய பட்டம்

அவருடைய மகன் எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். 1801 ஜூன் 16-ந் தேதி, மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. "வெள்ளையனை எதிர்த்து எல்லாச் சாதியாரும் ஒன்று சேருங்கள்" என்பதே அதன் சாரம். ஜூலை 31-ல் நவாபின் சீமை, திருச்சி உள்பட, கும்பெனி கைக்குப் போனது. அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கில் இடப்பட்டார்கள்.

1804-ல் எட்வர்டு "போவிஸ் பிரபு" ஆனார். அது அவருடைய மனைவி ஹென்ரியட்டாவின் பிறந்த வீட்டுப் பட்டம். மைத்துனர் 1801-ல் வாரிசு இல்லாமல் இறந்ததால் அற்றுப்போயிருந்தது. அந்த வம்சத்தில் இன்றும் அந்தப் பட்டம் நீடிக்கிறது. வேல்சில் உள்ள போவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரமும், அவருடைய சிம்மாசனத்துப் பொன் புலித்தலையும் இருக்கின்றன.

எது நீதி?

சிலையை இடிப்பதா, வைப்பதா என்பது அந்த ஊரார் பாடு. நம் பங்குக்கு ஒரு வேலை உண்டு. ஒரே ஊரில் ஒருவருக்குப் புகழ் பிறந்தது. அதே ஊரின் மதிலில் வீரர்களின் அழைப்பும் ஒட்டப்பட்டது. புகழ் பெற்றவர் பெயர் கட்டிடத்தில் நிற்கிறது. அழைத்தவர்களின் கதை நாம் சொன்னால்தான் நிற்கும். குழந்தைகளுக்கு மலைக்கோட்டையைக் காட்டும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்!