காரியாலயக் கடிதம் வெளியூர் செல்லும் வழி

காரியாலயத்தில் சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் ஒன்றை அமைத்துக்கொண்டவர்கள் முதல் நாளன்று பெரிதும் மகிழ்வது வழக்கம். கணக்குப் பகுதியில் எழுதிய கடிதம் கண்ணிமைப்பதற்குள் பண்டகசாலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதே கடிதத்தைக் கோயமுத்தூருக்கு அனுப்பினாலோ, போயிற்றா இல்லையா என்று விழிக்க நேர்கிறது. காரணம் யாதெனில், உள்ளே செல்லும் கடிதத்தைச் சர்வர் தன் வீட்டில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு எடுத்து வைக்கிறது. வெளியே செல்வதை முன்பின் அறியாத வேறொரு சர்வரின் வாயிலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாயிற்காவலன் "நீ யார்?" என்று கேளாமல் விடுவதில்லை.

முன்னாளில் அவ்வாறு கேட்பார் இல்லை. 1982ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்.எம்.டி.பி. விதிகளில், அனுப்புகிறவர் இன்னார்தாம் என்று மெய்ப்பிக்கும் ஏற்பாடு கிடையாது. பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட காலம் அது. நம் நாட்டில் 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்திலும் பம்பாய் என்.சி.எஸ்.டி., பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், சென்னை ஐ.ஐ.டி. முதலிய எட்டு நிறுவனங்களே இருந்தன. எவர் கடிதத்தையும் எவருடைய சர்வரும் ஏற்று அப்பால் அனுப்பி உதவிற்று. குப்பை அஞ்சல் பெருகவே அந்தத் தாராளம் நின்றது. 1998இல் வெளியான சென்ட்மெயில் 8.9 பதிப்பு, நாமாகத் திறந்துவிட்டாலொழியப் பிறர் கடிதத்தைச் சுமப்பதில்லை.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நம் தமிழ் இளைஞர் ஒருவர் கணக்கராயிருக்கிறார். அவர் கோயமுத்தூருக்கு அனுப்பிய விலைப்புள்ளி போய்ச் சேரவில்லை. "அனுப்பவே இல்லை, சாக்குச் சொல்கிறார்" என்று முதலாளி ஐயுற்றார். பிழைக்க வந்த ஊரில் சம்பளத்தைக் காட்டிலும் சொல்தானே நமக்கு முதல்! அவர் நம்மிடம் வந்தபோது, சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்க்கும்படி சொன்னோம். ரயிலில் கார்டு எழுதும் குறிப்பேடு போன்றது அது. (2022 முதல் கார்டுக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர், நம் வாயில் பழைய பெயரே வருகிறது.) ஒவ்வொரு கடிதத்துக்கும் எதிர்ச் சர்வர் சொன்ன மறுமொழி எண் அதில் இருக்கும். 250 என்றால் பெற்றுக்கொண்டது. 4இல் தொடங்கினால் 'பிறகு வா'. 5இல் தொடங்கினால் 'ஏற்க மாட்டேன்'. இளைஞரின் கடிதத்துக்கு நேரே நாளும் மணியும் 550 என்ற எண்ணும் கிடந்தன. திருப்பியனுப்பிய அறிவிப்போ, எவரும் திறவாத பொதுப் பெட்டி ஒன்றில் உறங்கிக்கொண்டிருந்தது. பட்டறையின் பெயரால் எவர் கடிதம் அனுப்பலாம் என்ற அறிவிப்பையே எங்கும் வெளியிடாததால் வந்த மறுப்பு அது.

இதற்குப் பரிகாரம் என்ன? ஊழியர்கள் தம் பெயரும் கடவுச்சொல்லும் காட்டி, 587ஆம் எண் வழியாகச் சர்வரிடம் கடிதத்தை ஒப்படைக்க வேண்டும். சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான வழி 25. சிறு இணைப்புகளில் இந்த 25ஐ இணையச் சேவையாளரே அடைத்துவைப்பதும் உண்டு. அந்நிலையில் பெரிய அஞ்சல் நிலையம் ஒன்றை 'ரிலே'யாக வைத்துக்கொள்வது நலம். மும்பையிலிருந்து புனே வரும் வண்டிகள் பலவற்றுக்குக் கர்ஜத்தில் பின்புறம் பாங்கர் எஞ்சின் பூட்டி, 37 அடிக்கு ஓரடி ஏறும் போர்காட்டைக் கடத்துகிறார்கள் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். போஸ்ட்பிக்ஸ் சர்வரில் 'ரிலேஹோஸ்ட்' என்ற வரியில் அந்நிலையத்தின் பெயரையும் எண்ணையும் எழுதி, அவர்கள் தந்த கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைத்தால் போதும்.

அடுத்து, டொமைன் பெயருக்குரிய டி.என்.எஸ். பதிவில் நம் அடையாளத்தை வெளியிட வேண்டும். நம் பெயரால் அனுப்ப உரிமையுள்ளவர் யார் யார் என்பது எஸ்.பி.எஃப். வரி. ரிலேயின் பெயர் இதில் விடுபடலாகாது. வரியும் ஒன்றே இருக்க வேண்டும், இரண்டு எழுதினால் இரண்டும் வீண். கடிதத்தின் மேல் இடும் முத்திரை டி.கே.ஐ.எம்.; முத்திரை நம்மிடம், அதைச் சரிபார்க்கும் சாவி டி.என்.எஸ்.ஸில். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் எவராயினும் இவ்விரண்டில் ஒன்றேனும் வைத்திருக்க வேண்டுமென்று கூகுள் விதித்திருக்கிறது. இரண்டையும் வைப்பதே நம் கட்சி.

வெளியே எழுதும் உரிமையை எல்லா ஊழியருக்கும் வாரி வழங்குவது நமக்கு உடன்பாடில்லை. பண்டகசாலைக் காவலருக்கு உள் அஞ்சலே போதும். வெளியே எழுதுவோருக்கும் நாளொன்றுக்கு இத்தனை என்று வரம்பு கட்டுதல் வேண்டும். ஒருவருடைய கடவுச்சொல் களவு போனாலும் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான குப்பைக் கடிதங்கள் புறப்பட்டு, காரியாலயத்தின் பெயரே கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். இத்தனை தொல்லையும் வேண்டாம் என்போர் மாதக் கட்டணம் கட்டிப் பிறர் சர்வரில் இருக்கலாம். அதில் இழுக்கொன்றும் இல்லை. மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் அஞ்சல், நம் தமிழ்நாட்டு ஜோஹோவின் அமைப்புக்கு மாறியதாக 2025இல் செய்தி வந்தது.

கடைசியாக டி.மார்க் என்றொரு வரி உண்டு. சோதனையில் தேறாத கடிதங்களை என்ன செய்வது என்று பிறருக்கு நாம் தரும் கட்டளை அது. எடுத்த எடுப்பிலே 'தள்ளிவிடுக' என்று எழுதிவிடாமல், 'கண்காணிப்பு மட்டும்' என்று சில வாரம் வைத்து, நாள்தோறும் வரும் அறிக்கைகளைப் பார்க்க வேண்டும். நாம் மறந்துபோன பழைய பில் அனுப்பும் இயந்திரம் ஏதேனும் அவற்றில் தலைகாட்டும், அதையும் எஸ்.பி.எஃப். வரியில் சேர்த்த பிறகு கட்டளையைக் கடுமையாக்கலாம்.