கூரை மேல் ஏறிப் பாருங்கள்!

மாடு வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்?

வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். பத்தடி நடக்க விட்டுப் பார்க்கிறார். பசுவாக இருந்தால், ஒரு வேளைப் பால் கறந்தும் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுகிறார்.

அதே மனிதர் பழைய ஏ.சி. வண்டி ஒன்று வாங்கப் போகிறார். அங்கே என்ன செய்கிறார்?

உள்ளே ஏறி உட்காருகிறார். ஏ.சி.யைப் போடச் சொல்கிறார். காற்று வரும் இடத்தில் கையை நீட்டுகிறார். "ஆகா! சில் என்று இருக்கிறதே!" என்கிறார். உடனே பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார்!

மாட்டுக்குப் பார்த்த பல்லை, எந்திரத்துக்குப் பார்க்க வேண்டாமா?

வீடு போன்ற வண்டி

சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவில் ஓய்வு எடுக்கும் "கேரவன்" வண்டியைப் பலர் பார்த்து இருப்பீர்கள். உள்ளே படுக்கை இருக்கும். சமையல் மேடை இருக்கும். கூரை மேல் ஏ.சி. பெட்டி உட்கார்ந்து இருக்கும். சக்கரம் வைத்த சிறிய வீடு அது.

இப்போது இது நடிகர்களுக்கு மட்டும் உரியது அல்ல. கேரள அரசு 2021-ம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டு வந்தது. தமிழ்நாடு அரசு 2023-ம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு.

நல்லதுதான். செங்கல்பட்டில் கத்திரி வெயில் கொளுத்தும்போது, குடும்பத்தோடு குளுகுளு வண்டியில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவது யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால், வண்டி பழையதாக இருந்தால் முதலில் ஏணியைப் போடுங்கள். கூரை மேல் ஏறிப் பாருங்கள். ஏறத் தெரியாதவர்கள், தெரிந்த மெக்கானிக்கை ஏற்றிப் பாருங்கள்.

கல்லையே தின்னும் காற்று

மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலைப் பாருங்கள். ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் எழுந்த கற்கோவில். 1984-ம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் சிற்பங்கள் பலவற்றில் மூக்கும் முழியும் தேய்ந்து போய் இருக்கின்றன. காரணம் என்ன? உப்புக் காற்று!

உப்பைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் வைத்து இருக்கிறார்கள். தொல்பொருள் துறையினர், காகிதக் கூழைக் கல் மேல் அப்பி, கல்லுக்குள் போன உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள்.

கல்லுக்கே இந்தக் கதி! தகரமும் அலுமினியமும் எம்மாத்திரம்?

கூரை ஏ.சி.க்கு உள்ளே செம்புக் குழாய் வளைந்து வளைந்து போகும். அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் போல நெருக்கமாக நிற்கும். உள்ளே இருக்கும் வெப்பத்தைக் கொண்டு வந்து வெளிக்காற்றில் விடுவது இந்தத் தகடுகள்தான்.

செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால், பாட்டரிக்குள் நடப்பது போன்ற வேலை நடக்கும். அலுமினியம் அரித்துப் பொடியாகும். தகடு போனால் வெப்பம் வெளியே போகாது. கம்ப்ரசர் திணறும். மின்சாரம் அதிகம் இழுக்கும். ஒரு நாள் நின்று போகும்.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடலோரமாகவே ஓடிய வண்டி என்றால், தகடுகளைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

என்ன பார்க்க வேண்டும்?

முதலில் மின்சாரத்தை அடியோடு நிறுத்த வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கி விட வேண்டும். உள்ளே "கெப்பாசிட்டர்" என்று ஒரு டப்பி இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது ஆளைத் தூக்கி அடிக்கும். அதை மெக்கானிக் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

ஒன்று: மேல் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தகடுகள் வெள்ளைப் பொடி பூத்து உதிர்ந்தால், அந்த ஏ.சி.க்கு வயதாகி விட்டது. வளைந்து மட்டும் இருந்தால் கவலை இல்லை. அதற்கு என்று இருக்கும் சீப்பால் நிமிர்த்தி விடலாம்.

இரண்டு: குழாயில் எங்காவது எண்ணெய்ப் பசை தெரிகிறதா? அங்கேதான் காஸ் கசிகிறது.

மூன்று: கூரையில் வெட்டிய துவாரத்தின் மேல்தான் ஏ.சி. உட்கார்ந்து இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பட்டை உண்டு. வெயிலில் அது கருகிப் போகும். பிறகு, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். உள்கூரையில் பழுப்புக் கறை இருக்கிறதா, அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறதா என்று பாருங்கள். மேலே பசை பூசி மறைத்து இருந்தால் ஏமாறாதீர்கள். பட்டையையே மாற்ற வேண்டும்.

நான்கு: காற்றாடியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறக்கை வெடித்து இருக்கக்கூடாது.

ஐந்து: மூடியை மாட்டி, ஏ.சி.யை ஓட விடுங்கள். கால் மணி நேரம் கழித்து, ஒரு வெப்பமானியை எடுங்கள். ஏ.சி. உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பத்தையும், வெளியே விடும் காற்றின் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் இருந்தால், எந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் கடலோரத்தில் இது சற்றுக் குறையலாம். கை ஏமாறும், வெப்பமானி ஏமாறாது.

ஆறு: வண்டியின் உடம்பு உலோகம் என்பதை மறக்காதீர்கள். மின்சாரம் கசிந்தால் வண்டி முழுவதும் ஷாக் அடிக்கும். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா, கசிவு ஏற்பட்டால் தானே நின்று விடும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள்.

காசு இல்லாத வைத்தியம்

வாங்கிய பிறகு பராமரிப்பது பெரிய வித்தை அல்ல. வீட்டுப் பெண்களே செய்து விடலாம், ஆண்களும் செய்யலாம்!

காற்றை வடிகட்டும் பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். பில்டர் அடைத்தால் காற்று ஓடாது. உள்ளே பனிக்கட்டி கட்டும். "ஏ.சி. கெட்டு விட்டது" என்று மெக்கானிக்கைத் தேடி ஓடுவோம். கெட்டது ஏ.சி. அல்ல, நம் சோம்பல்!

கடற்கரைக்குப் போய் வந்த பிறகு, மின்சாரத்தை நிறுத்தி விட்டு, கூரையின் மேல் இருக்கும் தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவ ஏற்பாடு செய்யுங்கள். மின் இணைப்புகளில் தண்ணீர் படக்கூடாது. வண்டி கழுவும் பம்பால் பீய்ச்சி அடிக்கவும் கூடாது; தகடு மடங்கி விடும்.

மெல்லிய ஒயரை நீளமாக இழுத்து ஏ.சி. ஓட்டாதீர்கள். மின் அழுத்தம் குறையும். ஒயர் சுடும். கம்ப்ரசர் கருகும்.

இன்னொன்று. "வருஷா வருஷம் காஸ் போட வேண்டும், அய்யா!" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். காஸ் என்பது பெட்ரோல் அல்ல, தீர்ந்து போவதற்கு. அது உள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. கேரவன் கூரை ஏ.சி.க்களில் பெரும்பாலானவை, வீட்டு பிரிட்ஜ் போல, அடைத்து மூடியவை. காஸ் குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் காஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். சாதாரண வேன், பஸ்களில் எஞ்சினோடு இணைந்து ஓடும் ஏ.சி. வேறு வகை. அதில் ரப்பர் குழாய்கள் உண்டு. நாளாவட்டத்தில் கொஞ்சம் கசியலாம். அங்கேயும் கசிவைத்தான் முதலில் தேட வேண்டும்.

குளிருக்குள் ஒளிந்த எமன்

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கேரளாவில், கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கேரவன் நின்றது. நெடுநேரம் நகரவில்லை. திறந்து பார்த்தார்கள். உள்ளே இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள்!

காயம் இல்லை. சண்டை நடந்த தடயம் இல்லை. பிறகு எப்படிச் செத்தார்கள்?

கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழக நிபுணர்கள் சோதனை நடத்தினார்கள். உண்மை வெளிவந்தது. ஏ.சி.க்கு மின்சாரம் கொடுக்க ஜெனரேட்டர் ஓடி இருக்கிறது. அதன் புகை, வண்டியின் தரையில் இருந்த துவாரம் வழியாக உள்ளே நுழைந்து இருக்கிறது. அந்தப் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்றுதான் இரண்டு உயிரையும் குடித்தது.

இந்த நஞ்சுக்கு நிறம் இல்லை. மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை இது பிடித்துக் கொள்ளும். அப்படிப் பிடிக்கும் வலிமை பிராணவாயுவைப் போல் 200 மடங்குக்கு மேல்! முதலில் தலைவலி. பிறகு குமட்டல். பிறகு மயக்கம். தூங்குகிறவருக்கு எதுவுமே தெரியாது.

ஏ.சி. இந்த நஞ்சை உண்டாக்குவது இல்லை. ஆனால், ஏ.சி.க்காக ஜன்னலை மூடுகிறோம். ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓட்டுகிறோம். நஞ்சு உள்ளே வர வழியும், வெளியே போகத் தடையும் நாமே செய்து வைக்கிறோம்.

ஆகவே, கூரையைப் பார்த்த பிறகு தரையையும் பாருங்கள். ஒயர் போட, குழாய் போட வெட்டிய துவாரங்கள் எல்லாம் அடைக்கப்பட்டு இருக்க வேண்டும். ஜெனரேட்டர் புகைக் குழாய், வண்டியை விட்டு வெளியே நீண்டு இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு வந்தால் அலறும் கருவி, படுக்கை அருகே இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும், ஜெனரேட்டரோ எஞ்சினோ ஓடும்போது மூடிய வண்டியில் தூங்கக்கூடாது. புழுக்கம் தாங்க முடியாவிட்டால் வெளியே வந்து விடுங்கள். கடற்காற்று இலவசம்!

அரசுக்கு ஒரு வேண்டுகோள்

கேரவன் சுற்றுலாவை அரசு வளர்க்கட்டும். வரவேற்கிறோம். ஆனால், வண்டியின் தகுதிச் சான்றுக்கு பிரேக்கையும் விளக்கையும் பார்ப்பதோடு, ஜெனரேட்டர் புகைக் குழாயையும், தரையில் உள்ள துவாரங்களையும் பார்க்க வேண்டும். வாடகைக்கு விடும் கேரவன் ஒவ்வொன்றிலும் நச்சுக் காற்றை அறியும் கருவியைக் கட்டாயம் ஆக்க வேண்டும். மாமல்லபுரம் போன்ற இடங்களில் கேரவன்கள் இரவு தங்க இடம் ஒதுக்கினால், அங்கே மின் இணைப்பும் கொடுக்க வேண்டும். மின்சாரம் கிடைத்தால் ஜெனரேட்டருக்கு வேலையே இல்லை.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன், வானம் ஏறி வைகுண்டம் போவானாம். அது பழமொழி. இங்கே கதை வேறு. கூரை ஏறிப் பார்க்காதவனும், தரையைக் குனிந்து பார்க்காதவனும், குளுகுளு வண்டியில் தூங்கியபடியே நேராக வைகுண்டம் போய்ச் சேருவான்!

வண்டி வாங்குங்கள். வாடகைக்கு எடுங்கள். பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுங்கள். அதற்கு முன், மாட்டுக்குப் பார்க்கும் பல்லை வண்டிக்கும் பாருங்கள்!